மண்சுவரும் வைக்கோல் கூரையும்: வங்காளக் குடிலின் கட்டடக்கலை வரலாறு

முன்னுரை

தமிழ் வழக்கில் ‘பங்களா’ என்னும் சொல் செல்வர் வாழும் பெருமனையைக் குறிக்கும். அதற்கு எதிர்நிலையில் வைத்துச் சொல்லப்படுவது ‘குடிசை’. ஆனால் ‘பங்களா’ என்னும் சொல்லின் பிறப்பை நாடிச் சென்றால் அது ஒரு குடிசையின் வாயிலிலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது. வங்காளத்து உழவர்கள் மண்ணாலும் மூங்கிலாலும் வைக்கோலாலும் அமைத்துக்கொண்ட வீட்டின் பெயரே அது. ‘வங்காளத்தைச் சேர்ந்தது’ என்பது அதன் நேர்ப்பொருள். குடிசையின் பெயர் மாளிகைக்குச் சென்று சேர்ந்தது. குடிசையோ பெயரிழந்து நின்றது.

இந்தியக் கட்டடக்கலை வரலாறு பெரும்பாலும் கல்லின் வரலாறாகவும் செங்கல்லின் வரலாறாகவுமே எழுதப்பட்டுள்ளது. நிலைத்து நிற்பனவே சான்றாகும் என்பதால் இது இயல்பே. எனினும், நிலைத்து நிற்கும் அக்கட்டடங்களுள் பல, நிலையாத குடிலைப் பார்த்துச் செய்யப்பட்டவை என்பது போதிய அளவு கருதப்படவில்லை. வங்காளத்து மண்வீட்டின் அமைப்பு, அவ்வமைப்புக்குரிய காரணங்கள், அது கோயிலிலும் பள்ளிவாசலிலும் அரண்மனையிலும் வடிவம் பெற்ற முறை, இன்று அது அடைந்துள்ள நிலை ஆகியவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒப்பீட்டின் பொருட்டுத் தமிழகச் சான்றுகள் சிலவும் உரிய இடங்களில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

நிலமும் மழையும்

ஒரு நாட்டின் வீடு அந்நாட்டின் மண்ணையும் மழையையும் சார்ந்து அமைவது. வங்காளத்தின் இயல்பைத் தமிழ்க் கல்வெட்டொன்றே சுருங்கக் கூறியுள்ளது. முதலாம் இராசேந்திர சோழனின் கங்கைப் படையெடுப்பைக் குறிக்கும் மெய்க்கீர்த்தி, போளூரை அடுத்த திருமலையில் 1025ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்டது. அதில் வங்காள தேசம், மழைச்சாரல் ஓயாத நாடு என்னும் அடையுடன் சுட்டப்படுகிறது. தக்கணலாடம், உத்திரலாடம் என்று அக்கல்வெட்டுக் குறிக்கும் பகுதிகள் இன்றைய மேற்கு வங்காளத்தின் மேற்கு மாவட்டங்களைத் தழுவிய ராட நாடாகும். படையெடுத்துச் சென்றோரின் நினைவில் அந்நாட்டின் அடையாளமாக நின்றது அதன் மழை என்பது குறிப்பிடத்தக்கது. அம்மழையே அந்நாட்டுக் கூரையின் வடிவத்தையும் வகுத்தது.

வங்காளத்தை வீட்டமைப்பின் அடிப்படையில் இரு பகுதிகளாகக் காணலாம். மேற்கிலுள்ள பாங்குரா, பீர்பூம், பர்த்தமான், புருலியா முதலிய மாவட்டங்கள் மேட்டு நிலம். அங்குள்ள செம்மண்ணும் களிமண்ணும் சுவர் எழுப்புவதற்கு ஏற்றவை. ஆகவே அங்குத் தடித்த மண்சுவர் வீடுகள் பெருகின. மேல்தளம் கொண்ட மண்வீடுகளும் எழுந்தன. கிழக்கிலும் தெற்கிலும் உள்ள கழிமுகச் சமவெளி ஆண்டுதோறும் நீர் சூழும் வண்டல் நிலம். அங்குக் குளம் தோண்டிய மண்ணைக் கொண்டு மேடு அமைத்து, அம்மேட்டின்மீது மூங்கில் தட்டிச் சுவருடன் வீடு கட்டும் வழக்கம் மிகுதி. வீடும் குளமும் ஒரே வேலையில் உருவாயின. வீட்டுக்கு வேண்டிய மேடு கிடைத்தது. ஊருக்கு மீனும் நீரும் கிடைத்தன.

இவ்வகை வீட்டின் தொன்மைக்கு அகழாய்வுச் சான்றுகள் உள்ளன. அஜய் ஆற்றங்கரையிலுள்ள பாண்டு ராஜார் டிபி, பீர்பூம் மாவட்டத்து மகிஷ்தல் ஆகிய செம்புக்காலக் குடியிருப்புகளில் நாணல், மூங்கில் போன்றவற்றின்மீது மண் பூசிய சுவர்கள் இருந்தமை அறியப்பட்டுள்ளது. நாணல் மக்கிப் போயிற்று. அதன் தடம் பதிந்த மண்கட்டி மட்டும் எஞ்சிற்று. மறைந்த பொருளின் வடிவத்தை எஞ்சிய பொருள் காத்து நிற்கும் இந்நிலை, வங்காளக் குடிலின் பிற்கால வரலாறு முழுமைக்கும் பொருந்தும்.

சுவரின் அமைப்பு

மண்ணால் சுவர் அமைக்கும் முறைகள் பல. மூங்கில் வரிச்சுகளின்மீது மண் பூசுவது ஒருமுறை. அச்சில் வார்த்து வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கல்லை அடுக்குவது மற்றொன்று. பலகைகளுக்கிடையே ஈரமண்ணைக் கொட்டித் திமிசால் இடித்து இறுக்குவது பிறிதொன்று. ராட நாட்டில் பெருவழக்காயிருந்தது இம்மூன்றினும் வேறானது. குழைத்த மண்ணை அச்சோ பலகையோ இன்றிக் கையாலேயே படைபடையாக ஏற்றிச் செல்லும் முறை அது.

மண் தேர்விலேயே வேலை தொடங்குகிறது. களி மிகுந்த மண் உலரும்போது சுருங்கி வெடிக்கும். மணல் மிகுந்த மண் பிடிப்பின்றி உதிரும். இரண்டும் அளவோடு கலந்த மண்ணை வெட்டி, நீர் விட்டு ஊறவைத்து, நறுக்கிய வைக்கோலையும் உமியையும் சேர்த்துக் காலால் மிதித்துக் குழைப்பர். சேர்க்கப்படும் வைக்கோல் சுவருக்கு நரம்பு போன்றது. மண் உலர்ந்து சுருங்கும்போது தோன்றும் இழுவிசையை அது பரவலாக்குவதால், ஒரு பெருவெடிப்பு தோன்றவேண்டிய இடத்தில் கண்ணுக்குப் புலனாகாத நுண்வெடிப்புகளோடு சுவர் தப்பிவிடுகிறது.

மழைக்காலம் கழிந்த பின்னரே சுவர் எழுப்புவர். ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டடி உயரம்வரை ஒரு படை வைத்தபின் வேலை நிறுத்தப்படும். அப்படை தன்மேல் வரும் சுமையைத் தாங்கும் அளவுக்கு இறுகும்வரை காத்திருந்து, பக்கங்களைச் செதுக்கிச் சீர்செய்த பின்னரே அடுத்த படை வைக்கப்படும். அடியில் அகன்றும் மேலே செல்லச் செல்லக் குறுகியும் சுவர் அமையும். விரைந்து எழுப்பிய சுவர் தன் எடையாலேயே பிதுங்கிச் சரியும். ஆகவே இக்கட்டடக்கலையில் காலமும் ஒரு கட்டுமானப் பொருள் எனலாம். அடுத்த மழைக்கு முன் கூரை ஏறியாக வேண்டும் என்பதால், தொடக்கமும் முடிவும் பருவத்தால் வரையறுக்கப்பட்டிருந்தன.

தடித்த மண்சுவர் பகல் வெப்பத்தை மெல்ல உள்வாங்கி இரவில் மெல்ல வெளிவிடுவதால் கோடையில் அறை குளிர்ச்சியாக இருக்கும். காற்றிலுள்ள ஈரத்தை ஏற்பதும் விடுப்பதும் அச்சுவரின் இயல்பு. அதன் பகை நீரே. அடியில் தேங்கும் நீர் சுவரின் காலை அரிக்கும். மேலிருந்து வடியும் நீர் அதன் தலையைக் கரைக்கும். இவ்விரண்டையும் தடுக்கவே உயர்ந்த அடிமேடையும் தாழ்ந்து நீண்ட இறவாரமும் அமைந்தன. அடிமேடையின் நீட்சியாகச் சுவரை ஒட்டி அமையும் மண்திண்ணையை வங்காளத்தார் ‘தாவா’ என்பர். அது அமர்வதற்குரிய இடம் மட்டுமன்று. சுவரின் அடியைச் சாரலிலிருந்து காக்கும் அரணுமாகும்.

சுவரையும் தரையையும் சாணமும் மண்ணும் கலந்து மெழுகுவது பெண்களின் பணியாக இருந்தது. ஒவ்வொரு மெழுகலும் முந்தைய ஆண்டின் சிறுவெடிப்புகளை அடைத்தது. சுருங்கச் சொன்னால், வீட்டைக் கட்டியவர் ஒருமுறை கட்டினார். மெழுகியவர் ஆண்டுதோறும் கட்டினார். மெழுகிய தரையில் அரிசிமாவால் வரையப்படும் ‘ஆல்பனா’ கோலங்களும், ராட நாட்டை ஒட்டி வாழும் சந்தால் மக்கள் தம் சுவர்களில் தீட்டும் வண்ணப் பட்டைகளும் இப்பராமரிப்புப் பணியின் தொடர்ச்சியாகவே கருதத்தக்கவை.

கூரையின் அமைப்பு

வங்காள வீட்டின் தனித்தன்மை அதன் கூரையில் உள்ளது. கூரையின் சரிவை அம்மொழியில் ‘சாலா’ என்பர். ஒரு சரிவுடையது ஏக்சாலா. இரு சரிவுடையது தோசாலா. நான்கு சரிவுடையது சார்சாலா. நாற்சரிவுக் கூரையின் மேல் சிறியதொரு நாற்சரிவுக் கூரை ஏற்றப்படின் அது ஆட்சாலா எனப்படும். இரு தோசாலாக்களை ஒன்றோடொன்று ஒட்டி அமைப்பது ஜோர்பங்களா. வீட்டின் வகையைச் சுவரால் அன்றிக் கூரையால் பெயரிட்ட இவ்வழக்கே, அம்மக்கள் வீடென்று கருதியது எதனை என்பதைப் புலப்படுத்துகிறது.

இக்கூரையின் முகடு நேர்கோடாக அமைவதில்லை. நடுவில் உயர்ந்து இருமுனைகளிலும் தாழ்ந்து வில்போல் வளைந்திருக்கும். இறவாரமும் அவ்வளைவைப் பின்பற்றி மூலைகளில் தாழ்ந்திருக்கும். இவ்வளைவுக்கு மூங்கிலின் வளையுந்தன்மை வாய்ப்பளித்தது. மழையின் தேவை காரணமாயிற்று. வளைந்த கூரையில் நீர் எங்கும் தேங்காது விரைந்து வடிகிறது. மண்சுவரின் மிக மெலிந்த இடமான மூலைக்குத் தாழ்ந்த இறவாரம் குடையாகிறது. அழகு என்று பிற்காலத்தவர் வியந்த கோடு, முதலில் நீரை ஓட்டுவதற்காக வரையப்பட்ட கோடாகும்.

மூங்கில் கைகளின்மீது வரிச்சுகள் பரப்பிக் கட்டி, அவற்றின்மேல் நெல் வைக்கோலையோ ‘உலு’ என்னும் புல்லையோ இறவாரத்திலிருந்து முகடு நோக்கிக் கற்றைகற்றையாக வேய்வர். மேற்கற்றை கீழ்க்கற்றையை மூடுவதால் நீர் ஒரு தாளிலிருந்து மற்றொரு தாளுக்கு இறங்கி வெளியேறும். சரிவு குறைந்தால் நீர் உள்ளே இறங்கும். ஆகவே செங்குத்தான சரிவு இன்றியமையாதது. வைக்கோல் கூரை சில ஆண்டுகளுக்கொருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது. இதற்கெனவே ‘கராமி’ எனப்படும் தொழிலாளர்கள் ஊர்தோறும் இருந்தனர்.

இவ்வீட்டை வறியோர் மட்டுமே கொண்டிருந்தனர் என்று கருதுவது பொருந்தாது. அக்பர் அவைக்களத்து அபுல் பசல், அயினி அக்பரியில், வங்காளத்து மூங்கில் வீடுகளுள் சில ஐயாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் செலவிட்டுக் கட்டப்படுவன என்றும் நெடுங்காலம் நிலைப்பன என்றும் குறித்துள்ளார். 16ஆம் நூற்றாண்டில் அத்தொகை பெருஞ்செல்வமாகும். எனவே மண், மூங்கில், வைக்கோல் என்பவை வறுமையின் அடையாளங்களாக அன்றி அந்நிலத்துக்குரிய கட்டுமானப் பொருள்களாகவே கருதப்பட்டன என்பது தெளிவாகிறது.

கல்லில் குடில்: முற்காலச் சான்றுகள்

குடிலைக் கல்லில் வடிக்கும் எண்ணம் இந்தியாவில் மிகத் தொன்மையானது. பீகாரின் பராபர் மலையிலுள்ள சுதாமா குகை, அசோகரின் 12ஆம் ஆட்சியாண்டில் ஆசீவகர்க்கு வழங்கப்பட்டதாக அங்குள்ள கல்வெட்டால் அறியப்படுகிறது. பாறையைக் குடைந்து மெருகிட்ட அக்குகையின் உள்ளே வட்டவடிவ அறை ஒன்றுண்டு. அவ்வறையின் புறச்சுவர், கூரையின் இறவாரம் வெளிநீண்டிருக்கும் வட்டக் குடில் போலவே செதுக்கப்பட்டுள்ளது. பாறைக்குள் மழை பெய்வதில்லை. அங்கு இறவாரத்துக்குத் தேவையும் இல்லை. எனினும் துறவியின் உறைவிடம் என்றால் அது குடிலாகவே இருத்தல் வேண்டும் என்னும் கருத்து, தேவையற்ற இடத்திலும் இறவாரத்தைச் செதுக்கச் செய்தது.

தமிழகத்தில் இதற்கு இணையான சான்று மாமல்லபுரத்துத் திரௌபதி ரதமாகும். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்தைச் சேர்ந்த இவ்வொற்றைக்கல் கோயில் கொற்றவைக்குரியது. நாற்புறமும் வளைந்து சரியும் அதன் கூரை, ஓலையோ வைக்கோலோ வேய்ந்த குடிலின் கூரையே என்பது கண்டவுடன் புலனாகும். அருகிலுள்ள ஏனைய ரதங்கள் பல தளங்களும் சிற்றுருவச் சிகரங்களும் கொண்டு விளங்க, இது மட்டும் ஒரு சிற்றூர்க் குடிலின் எளிமையோடு நிற்கிறது.

மாமல்லபுரம் அமைந்த அதே தொண்டை நாட்டைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, கச்சி நோக்கிச் செல்லும் வழியில் எதிர்ப்படும் குடில்களை நிலந்தோறும் வேறுபடுத்திக் காட்டுகிறது. எயினரின் குடில் ஈந்தின் இலையால் வேயப்பட்டு முள்ளம்பன்றியின் முதுகு போல் தோன்றுகிறது. முல்லை நிலத்துச் சீறூரின் வீடுகள் வரகு வைக்கோல் வேய்ந்தவை. வலைஞரின் குடில் தருப்பைப் புல் வேய்ந்தது. ஒரே பாட்டுக்குள் மூன்று நிலம், மூன்று கூரைப்பொருள். நிலம் தருவதைக் கொண்டே கூரை அமையும் என்னும் நியதியைச் சங்கப் புலவர் நுட்பமாகக் கண்டிருந்தனர் என்பதை இதனால் அறியலாம்.

திரௌபதி ரதத்துக்கும் வங்காளத்துச் சார்சாலாவுக்கும் இடையே தோற்ற ஒற்றுமை உண்டு. அதுகொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது எனக் கூறுதல் பொருந்தாது. இரண்டும் தத்தம் நிலத்துக் குடிலைப் பார்த்துச் செய்யப்பட்டவை. குடில்களுக்குள் இருந்த ஒற்றுமையே கோயில்களிலும் வெளிப்படுகிறது என்று கொள்வதே ஏற்புடையது.

செங்கல்லிலும் சலவைக்கல்லிலும் குடில்

வங்காளத்தில் குடிலின் வளைகோடு முதலில் இடம்பெற்றது சுல்தான்களின் கட்டடங்களில் ஆகும். பாண்டுவாவில் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த ஏக்லாகி நினைவகத்தின் மேல்விளிம்பு நேராக அமையாமல் மூங்கில் கூரையின் இறவாரம்போல் வளைந்துள்ளது. இன்றைய வங்கதேசத்தின் பாகேர்ஹாட் நகரில் அதே நூற்றாண்டில் கட்டப்பட்ட அறுபது குவிமாடப் பள்ளிவாசலின் நடுவரிசையில், அரைக்கோளக் குவிமாடங்களுக்கு மாறாக நாற்சரிவுக் குடில் வடிவிலான ஏழு கூடுகள் உள்ளன. மேற்காசியாவிலிருந்து வந்த வழிபாட்டிடம், வங்காளத்தில் வேரூன்றியபோது அந்நாட்டு உழவனின் கூரையை ஏற்றுக்கொண்டது.

இவ்வடிவம் முழுமை பெற்றது பாங்குரா மாவட்டத்துப் பிஷ்ணுபூரில் ஆகும். மல்ல மன்னர்களின் தலைநகராயிருந்த அங்கு, 1600ஆம் ஆண்டளவில் எழுந்த ராசமஞ்சத்தின் கூம்புக் கூரையைச் சுற்றிலும் சிறு குடில் வடிவங்கள் வரிசையாக அமைந்துள்ளன. இரகுநாத சிங்கர் 1643இல் கட்டிய சியாமராயர் கோயிலின் மேல்விளிம்பு வளைந்தது. அவரே 1655இல் கட்டிய கேஷ்டராயர் கோயில் ஜோர்பங்களா என்றே வழங்கப்படுகிறது. இரு தோசாலாக் குடில்களை அருகருகே ஒட்டி, இணைப்பின்மேல் சிறு கோபுரம் ஒன்றை ஏற்றினால் அமையும் வடிவம் அது. சுவர் முழுவதும் சுடுமண் பலகைகளில் இராமாயண, மகாபாரதக் காட்சிகளும் கண்ணன் கதைகளும் வேட்டையும் படகுகளும் நிறைந்துள்ளன.

இங்கு ஒரு கருத்துக் கூர்ந்து நோக்கத்தக்கது. சைதன்யரின் வழிவந்த வைணவ பக்தி அக்காலத்து வங்காளத்தை ஆட்கொண்டிருந்தது. கண்ணன் ஆயர்பாடியில் வளர்ந்தவன். அவனுக்குரிய இல்லம் வானளாவிய சிகரமன்று, உழவரும் ஆயரும் வாழும் குடிலே என்னும் உணர்வு இவ்வடிவத்தை ஏற்றதற்கு ஒரு காரணமாகலாம். நல்ல கருங்கல் அரிதான வண்டல் நாட்டில் மண்ணைச் சுட்டே கோயில் கட்டவேண்டியிருந்தது என்பது மற்றொரு காரணம். குடிலின் மண்ணே சூளையில் வெந்து கோயிலின் செங்கல்லாயிற்று.

மொகலாயரிடம் இவ்வடிவம் அரண்மனை அணியாக மாறியது. ஆக்ரா கோட்டையில் வங்காளம், குசராத்து ஆகிய நாடுகளின் அழகிய பாணியில் ஐந்நூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் எழுந்ததாக அபுல் பசல் குறிக்கிறார். ஷாஜகான் காலத்தில் லாகூர்க் கோட்டையில் 1633ஆம் ஆண்டளவில் அமைந்த நௌலக்கா மண்டபம் வெண்சலவைக்கல்லால் ஆயது; அதன் கூரையோ வளைந்த வங்காளக் கூரை. ஆக்ரா கோட்டையின் காஸ்மகாலுக்கு இருபுறமும் நிற்கும் மண்டபங்களின் வளைகூரைகள் பொன்முலாம் பூசிய செப்புத் தகட்டால் வேயப்பட்டன. வைக்கோலின் மஞ்சள் நிறம் பொன்னின் நிறமாயிற்று. பின்னர் இவ்வளைவு இராசபுத்திரர் அரண்மனைகளுக்கும் பரவியது. செய்ப்பூரில் 1799இல் எழுந்த ஹவாமகாலின் முகப்பு மாடங்கள் பலவற்றின் மேல் இவ்வளைவே காணப்படுகிறது. மழை அருகிய இராசத்தானத்தில் மழைநாட்டுக் கூரைக்குப் பயன் ஏதுமில்லை. பயன் நீங்கி அழகு மட்டும் எஞ்சிய நிலையை அங்குக் காணலாம்.

சொல்லின் பயணம்

ஐரோப்பிய வணிகர்கள் 17ஆம் நூற்றாண்டில் வங்காளத்தில் தங்குவதற்கு முதலில் அமைத்துக்கொண்டவை இவ்வகை வீடுகளே. தனித்து நிற்கும் ஒருதள வீடு, உயர்ந்த அடிமேடை, சுற்றிலும் தாழ்ந்த கூரையின்கீழ் அமைந்த தாழ்வாரம் ஆகியன வெப்பநாட்டுக்கு உகந்தவை என்பதை அவர்கள் உணர்ந்தனர். காலப்போக்கில் சுவர் செங்கல்லாகவும் கூரை ஓடாகவும் மாறின. பெயர் மட்டும் மாறவில்லை. ஆட்சியாளர் சென்ற இடமெல்லாம் டாக் பங்களாக்களும் மாவட்ட அலுவலரின் பங்களாக்களும் எழுந்தன. 1869-70இல் இங்கிலாந்தின் கெண்ட் கடற்கரையிலும் இப்பெயரால் வீடுகள் கட்டப்பட்டன. தமிழுக்கு இச்சொல் அதிகாரத்தின் வழியாக வந்து சேர்ந்ததால், இங்கு அது தொடக்கத்திலிருந்தே பெரியோர் மனையைக் குறிக்கலாயிற்று. குடிலிலிருந்து பிறந்த சொல், குடிசைக்கு எதிர்ச்சொல்லாக நின்ற வரலாறு இதுவே.

‘கச்சா’, ‘பக்கா’ என்னும் பாகுபாடு

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் வீட்டுவசதித் திட்டங்களும் வீடுகளைக் ‘கச்சா’, ‘பக்கா’ எனப் பிரிக்கின்றன. மண்சுவரும் வைக்கோல் கூரையும் உடையது கச்சா; செங்கல், சிமிட்டி, காங்கிரீட் ஆகியவற்றாலானது பக்கா. பழுக்காதது, பழுத்தது என்னும் பொருளுடைய இச்சொற்கள் அளவீட்டுச் சொற்களாகத் தோன்றினும் மதிப்பீட்டுச் சொற்களே. 1985இல் தொடங்கிய இந்திரா ஆவாஸ் திட்டமும், 2016இல் அதன் இடத்தில் வந்த பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டமும் கச்சா வீடுகளைப் பக்கா வீடுகளாக மாற்றுவதையே இலக்காகக் கொண்டன.

இவ்விலக்கில் நியாயம் இல்லை எனக் கூறுதல் இயலாது. 2009 மே மாதத்து அய்லா புயலிலும் 2020 மே மாதத்து அம்பன் புயலிலும் தென்வங்காளத்தில் மிகுதியாக வீழ்ந்தவை மண்வீடுகளே. தமிழகத்தில் 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளி ஒன்றின் ஓலைக்கூரையில் தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். கூரை வீட்டைப் புகழ்ந்து எழுதும் எவரும் இந்நிகழ்ச்சிகளைக் கடந்து செல்லுதல் தகாது. வெள்ளம் வந்தால் கரையும் சுவருக்குள் வாழ்பவர் அதனை மரபு என்று கருதிப் போற்றவேண்டும் என எதிர்பார்ப்பது அறமாகாது.

ஆயினும் வீழ்ந்தது பொருளின் குறையாலா, பராமரிப்பின் குறையாலா என்னும் வினா எஞ்சுகிறது. நெட்டை நெல் வகைகள் மறைந்து, 1966இல் வெளியான ஐ.ஆர்.8 முதலிய குட்டை வகைகள் பரவியபின் வேய்வதற்குரிய நீண்ட வைக்கோல் அருகியது; அறுவடை எந்திரங்கள் எஞ்சிய வைக்கோலையும் நொறுக்கின. கராமியின் தொழில் நலிந்தது. தகரக்கூரை ஏறியது, அது மழையைத் தடுத்தாலும் வெயிலைத் தடுக்கவில்லை. கூரை புதுப்பிக்கப்படாத மண்வீடு விரைவில் அழியும். அழிந்ததைக் கண்டோர் மண்ணின் குறை என்றனர்.

இதற்கு மாறான சான்று இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உள்ளது. அங்கும் வைக்கோல் கலந்த மண்ணை மிதித்துக் குழைத்துப் படைபடையாகச் சுவர் எழுப்பி வைக்கோல் கூரை வேய்ந்தனர். வால்டர் ராலே 16ஆம் நூற்றாண்டில் பிறந்த ஹேய்ஸ் பார்ட்டன் என்னும் மண்வீடு இன்றும் நிற்கிறது. நல்ல தொப்பியும் நல்ல காலணியும் இருந்தால் மண்சுவர் நிலைக்கும் என்பது அப்பகுதியார் கருத்து. கூரையும் அடிமேடையும் பற்றிய அவ்வறிவு ராட நாட்டு உழவரின் அறிவிலிருந்து வேறானதன்று. ஆனால் அங்கு அவ்வகை வீடுகள் பல சட்டத்தின் பாதுகாப்புப் பெற்ற மரபுச் சின்னங்கள். இங்கு அவை அகற்றப்பட வேண்டியவற்றின் பட்டியலில் உள்ளவை.

இந்தியாவிலும் மாற்றுச் சிந்தனை இல்லாமல் இல்லை. இரவீந்திரநாத் தாகூர் 1935இல் சாந்திநிகேதனில் ‘சியாமளி’ என்னும் வீட்டைச் சுவர் மட்டுமன்றிக் கூரையும் மண்ணாலேயே அமையுமாறு கட்டுவித்தார். வைக்கோல் கூரையைத் தவிர்த்த அவ்வமைப்பு, மரபைப் போற்றுவதோடு நில்லாமல் அதனைத் திருத்தவும் முயன்ற ஒரு சோதனையாகும். சுரேந்திரநாத் கர் அதனை வடிவமைத்தார். நந்தலால் போஸ், ராம்கிங்கர் பெய்ஜ் முதலியோரின் புடைப்புருவங்கள் அதன் சுவரை அணிசெய்தன. 1936இல் காந்தியடிகள் சேவாகிராமத்தில் மண்ணும் மூங்கிலும் கொண்ட குடிலில் குடியேறினார். இலாரி பேக்கர் மண் கட்டுமானம் குறித்துத் தனிச் சிறுநூலே எழுதினார். 2023இல் சாந்திநிகேதன் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சியாமளி போன்ற வீடு மரபாகவும், அதற்கு முன்மாதிரியான சிற்றூர் வீடு கச்சாவாகவும் கருதப்படும் முரண் ஆராயத்தக்கது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. வங்காளக் குடிலின் ஒவ்வோர் உறுப்பும் மண், மழை, மூங்கில் ஆகியவற்றின் இயல்பறிந்து அமைந்தது. அதன் வளைகூரை பள்ளிவாசல், கோயில், அரண்மனை ஆகிய மூவகைக் கட்டடங்களிலும் சமய வேறுபாடின்றி ஏற்கப்பட்டது. வடிவத்தை ஏற்றோர் அவ்வடிவத்தைப் படைத்தோரின் பெயரை ஏற்கவில்லை. ஜோர்பங்களாவைக் கட்டிய மன்னர் பெயரும் ஆண்டும் அறியப்பட்டுள்ளன. அக்கோயில் பார்த்துச் செய்த வீட்டை வேய்ந்த கராமியின் பெயரும், மெழுகிய பெண்ணின் பெயரும் எங்கும் இல்லை.

மக்களை மண்வீட்டிலேயே இருத்திவைப்பது மரபுப் பாதுகாப்பாகாது. காங்கிரீட் வீடு வேண்டுவோர்க்கு அது கிடைத்தல் முறை. அதே வேளையில், மண்சுவரை எழுப்பவும் கூரை வேயவும் அறிந்த கடைசித் தலைமுறையினரின் அறிவு பதிவு செய்யப்படுதலும், வெள்ளத்தையும் தீயையும் தாங்குமாறு அது திருத்தப்படுதலும், விரும்புவோர் அவ்வாறு கட்டிய வீடும் வீடாகவே ஏற்கப்படுதலும் இன்றியமையாதன. அவ்வறிவு மறைந்தபின் பிஷ்ணுபூரின் செங்கல் கூரைகள் நிலைத்திருக்கும்; அவை எதைப் பார்த்து வளைந்தன என்று காட்டுவதற்கு ஒரு வீடும் எஞ்சியிராது.